பன்னிரண்டாம் நம்பர் தகடு

சென்ற மாதம் கோயம்புத்தூரில் புதிய டென்னிஸ் அம்பயர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச என்ன இருக்கிறது? பெரிய போட்டிகளில் இப்போது பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று இயந்திரமே சொல்லிவிடுகிறது. கோட்டோரம் குனிந்து உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க ஆளே வேண்டியதில்லை. நல்லதுதான், யாரும் யாரையும் திட்ட முடியாது. நான் அதைப் பற்றி ஒப்பாரி வைக்கப் போகவில்லை.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், நீங்க குடுத்ததுலயே ரொம்பக் கஷ்டமான முடிவு எதுங்க?"

கோட்டில் பட்டும் படாமலும் விழுந்த ஏதோ ஒரு பந்தைப் பற்றிச் சொல்லுவேன் என்று எல்லோரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். "பந்து இல்ல கண்ணு, மிஸ்ட்," என்றேன். சிரித்தார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சாப்பாட்டுக்கும் அம்பயர்களுக்கும் நடுவில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கனகம். குன்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி வியாபாரத்துக்காக மலையேறி வந்தவர். மலை பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். எனக்குக் குரல் பெரிசு. விசில் இல்லாமலேயே மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையைத் திருப்பி நிறுத்திவிடுவேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் காதர் சார் என்னை அம்பயர் வேலைக்குப் பிடித்தார்.

காதர் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊட்டி பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்தவர். ஆணி, முள்கம்பி, கவாத்துக் கத்தி, எஸ்டேட்டுகளில் தேயிலைக் காட்டுக்கு அடிக்கிற நம்பர் தகடு எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். வருஷா வருஷம் கோடை சீசனில் எங்கள் மலையில் நடக்கும் டென்னிஸ் போட்டிக்கு அவர்தான் ரெஃப்ரி. அதாவது அம்பயர்களுக்கெல்லாம் மேலே. வெள்ளைச் சட்டை, பழுப்பு ஸ்வெட்டர், கையில் எப்போதும் குடை. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்தின் நடுவில், ஆட்கள் முன்னால், எந்த அம்பயரையும் அவர் ஒரு சொல் சொல்ல மாட்டார். நாம் செய்தது சரி என்றால் ஆட்டம் முடிந்ததும் நம்மைக் கவனிக்காமல் பக்கத்தில் நடந்து போய்விடுவார். தப்புச் செய்திருந்தால், தன் கையாலேயே டம்ளரில் டீ ஊற்றி, தட்டில் எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி இரண்டு வைத்துக் கொண்டுவருவார். "உட்காருங்க டீச்சர். முதல்ல சாப்பிடுங்க," என்பார். அந்த வர்க்கியை மென்று விழுங்குவதற்குள் உயிர் போய்விடும். மலையில் டென்னிஸ் ஆடுகிற எல்லோருக்கும் இது தெரியும். "இன்னிக்கு காதர் பாய் யாருக்கு டீ குடுத்தார்?" என்று கிளப் வாசலில் கேட்டுச் சிரிப்பார்கள். முதல் இரண்டு வருஷத்தில் நான் நிறைய வர்க்கி சாப்பிட்டிருக்கிறேன். அதற்கப்புறம் பசிக்கு நானே வாங்கிச் சாப்பிட்டதுதான்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எதையும் நான் கடைசிவரை மாற்றவில்லை. காலையில் போனதும் வலையின் உயரம் பார்க்க வேண்டும். ஒரு ராக்கெட்டை நடுவில் நிற்க வைத்து, அதன்மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்கே வைத்தால் வலையின் பட்டை அதோடு சரியாக நிற்க வேண்டும். சுண்ணாம்புக் கோட்டை ராத்திரிப் பனி கரைத்திருக்கும். நடந்து பார்த்து, கரைந்த இடத்தில் மறுபடி போடச் சொல்ல வேண்டும். பந்தைக் கையில் அமுக்கிப் பார்க்க வேண்டும். மலைக்காற்றில் பந்து கொஞ்சம் அதிகமாகவே பறக்கும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் பூராவும் வெளியே அடித்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்கள் பாடு. அதில் அம்பயருக்கு வேலை இல்லை.

மிஸ்ட், அதாவது மலையில் இறங்கும் பனிமூட்டம், அதுதான் அம்பயரின் வேலை. எங்கள் ஊரில் அது எப்போது இறங்கும், எப்போது எழும்பும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு கேம் முடிவதற்குள் எதிர் வேலி இருக்காது. எப்போது ஆட்டத்தை நிறுத்துவது என்பதில் தினம் தகராறு. ஆடுகிற இருவரில் ஒருத்தர் "தெரியுது" என்பார், தோற்கிறவர் "தெரியல" என்பார். காதர் சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏதோ எஸ்டேட் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த இரண்டு நம்பர் தகடுகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து, கோர்ட்டின் இரண்டு பக்கமும் வேலிக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரங்களில் உயரத்தில் அடித்துவிட்டார். ஒரு பக்கம் ஏழு. மறு பக்கம் பன்னிரண்டு. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எண். அம்பயர் நாற்காலியிலிருந்து ஒவ்வொரு பாயிண்டுக்குப் பிறகும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் படிக்கும்படி இருந்தால் ஆட்டம். ஒன்று போனாலும் நிறுத்தம். யார் ஜெயிக்கிறார்கள், யார் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சே கிடையாது. எங்கள் மலையைத் தவிர வேறெங்கும் இந்த விதி கிடையாது. புத்தகத்திலும் கிடையாது.

இனி ஜெயமணி அக்கா.

ஜெகதளா பக்கம் ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்தவரின் மகள். எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. துரையம்மாவுக்கு எதிரே நின்று ஆட ஆள் இல்லாமல், ஃபாக்டரிக் குடியிருப்பில் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்த இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையில் ஒரு ராக்கெட்டைக் கொடுத்தாராம். இரண்டே வருஷத்தில் துரையம்மா பந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார்! அக்கா மாநில சாம்பியன் ஆனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலைக் கோப்பையை மூன்று முறை தொடர்ந்து வாங்கினார். அவர் பந்தை மேலே தூக்கிப் போடுவதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் கிளப் வேலிக்கு வெளியே தொங்கிக்கொண்டு நிற்போம். எதிராளி வலைக்கு ஓடிவந்தால், அவர் தலைக்கு மேலே பந்து போய்ப் பின்கோட்டில் பூப்போல உட்காரும். அதற்கு லாப் என்று பெயர். அக்காவின் லாபுக்கு மலையில் தனி மரியாதை.

அப்புறம் கல்யாணம். திருப்பூரில் பெரிய குடும்பம். முதலில் ஆட விட்டார்கள். ஒரு முறை கோயம்புத்தூரில் நடந்த போட்டியில் அரையிறுதி ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் இறுதி ஆட்டம். காலையில் எழுந்து பார்த்தால் ராக்கெட் பையைக் காணோம். பரண் மேலே ஏறிவிட்டது. விருந்தாளி வருகிறார்கள், போதும் ஆடினது என்று மாமனார் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணன் வாயே திறக்கவில்லை. எதிராளிக்கு ஆடாமலேயே கோப்பை போனது.

"மைக்குல 'உடம்பு சரியில்ல'ன்னு சொன்னாங்களாம் கனகு. எனக்கு அன்னிக்கு ஒரு தும்மல்கூட இல்ல," என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

அதற்குள் எத்தனையோ நடந்துவிட்டது. மாமனார் போய்ச் சேர்ந்தார், குடும்பம் பாகம் பிரிந்தது, பழனிசாமி அண்ணன் குன்னூரில் தேயிலை மொத்த வியாபாரம் வைக்க, அக்கா தன் மலைக்கே திரும்பி வந்துவிட்டார். மகளை எங்கள் பள்ளியில் சேர்த்தார்; அப்படித்தான் எனக்குப் பழக்கம். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒரு நாள் எங்கள் பள்ளி மைதானத்துக்கு நேராக வந்து நின்றார். கையில் அதே பழைய மர ராக்கெட்.

"கனகு, சீசன் போட்டிக்குப் பேர் குடுக்கலாம்னு இருக்கேன்."

"நாப்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்குத் தனியா வச்சிருக்காங்களாங்க்கா?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"அடி போடி! சிங்கிள்ஸ்க்குத்தான். சின்னப் புள்ளைகளோடதான்."

"எதுக்குங்க்கா இப்ப?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் நிறுத்தல கனகு. என்னை நிறுத்திப்போட்டாங்க. ஆட முடியாமப் போயி ஒரு நாள் நானே ராக்கெட்டைக் கீழ வெச்சிருந்தேன்னா, அது வேற. அந்த நாளை நானா பாக்கோணும். பாக்காம எனக்குத் தூக்கம் புடிக்க மாட்டேங்குது."

அந்த மாரிக்காலம் பூராவும் மழை விட்ட நேரமெல்லாம் நான் எதிரே நின்று பந்து போட்டேன். முதல் வாரம் பார்க்கவே பாவமாக இருந்தது. உடம்பு எங்கேயோ, பந்து எங்கேயோ. வலது முட்டி வீங்கும். வீட்டுக்குப் போய் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுநாள் வருவார். பழனிசாமி அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குப் பேசாத வாயை இப்போதும் திறக்கவில்லை; ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. ஆனி பிறந்து ஆவணி முடிவதற்குள் அந்த லாப் திரும்பி வந்துவிட்டது. முதல் தடவை அது என் தலைக்கு மேலே போய்க் கோட்டில் விழுந்தபோது நான் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினேன். நீங்களே சொல்லுங்கள், ஒரு அம்பயர் செய்கிற காரியமா அது?

மூட்டத்திலும் ஆடுவோம். எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரியும். பங்களா கோர்ட்டில் பாதி நாள் மிஸ்ட்டுக்குள்ளேதான் ஆடியிருக்கிறார். "கண்ணு எதுக்கு? அடிக்கிற சத்தத்துலயே தெரியும், பந்து எங்க வருதுன்னு," என்பார். பெருமைக்குச் சொன்னதில்லை. நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மறு கோடையில் போட்டி வந்தது. கிளப்பில் சிலர் சிரித்தார்கள். "மகளுக்குப் பேர் குடுக்கறதுக்குப் பதிலா அம்மா குடுத்துட்டாங்களா?" என்று செயலாளரே கேட்டார். முதல் சுற்றில் ஒரு கல்லூரிப் பெண்ணை ஊதித் தள்ளினார் அக்கா. சிரிப்பு நின்றது. அரையிறுதி முடிந்ததும் பஜாரில் டீக்கடை, டெய்லர் கடை, ஜவுளிக்கடை எங்கே போனாலும் இதே பேச்சு.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் காதர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க உங்களுக்கு ரொம்பப் பழக்கம். நாளைக்கு வேற ஆளைப் போடட்டுமா?"

"இந்த மலையில அவங்களைப் பழக்கமில்லாத அம்பயர் யாருங்க சார் இருக்காங்க?"

யோசித்தார். "அதுவும் சரிதான். நீங்களே ஏறுங்க," என்றார். ஏறினேன்.

எதிராளி வித்யா என்று ஒரு பெண், மெட்ராஸிலிருந்து வந்தவள். பத்தொன்பது வயதிருக்கும். அடி ஒவ்வொன்றும் சம்மட்டி. மலைக்கு இதுதான் முதல் தடவை, காலையில் கம்பளித் தொப்பியோடு வந்து, "மேடம், இங்க எப்பவும் இப்படித்தான் குளிருமா?" என்று என்னிடம் கேட்டாள். நல்ல பிள்ளை.

முதல் செட் அவளுக்கு. இரண்டாவது செட்டை அக்கா பிடித்தார். மூன்றாவதில் இருவரும் விடவில்லை. வேலிக்கு வெளியே ஆட்கள், மதில் மேலே ஆட்கள். கடையை மூடிவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர். மூன்றாவது செட்டில் அக்கா ஐந்துக்கு நான்கு என்று முன்னால் வந்து, அடுத்த கேமுக்கு சர்வீஸ் போட வந்தார். அதை ஜெயித்தால் கோப்பை. ஆனால் கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. நாற்பதுக்கு முப்பது என்று வித்யா முன்னால் போய்விட்டாள். இன்னும் ஒரு பாயிண்ட் போனால் அந்தக் கேம் கைவிட்டுப் போய்விடும். மறைப்பானேன்? ஆம், எனக்கு அக்கா ஜெயிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் மனசு மரத்தாலா செய்திருக்கிறது?

அப்போதுதான் மிஸ்ட் இறங்கியது.

பள்ளத்திலிருந்து மெதுவாக ஏறி வந்து, வித்யாவின் பக்கத்து வேலியை முதலில் தொட்டது. திரும்பிப் பார்த்தேன். ஏழு தெரிந்தது. வித்யாவுக்குப் பின்னால் பன்னிரண்டு மங்கலாக, ஆனால் படிக்கும்படி தெரிந்தது. ஆட்டம். அக்கா சர்வீஸ் போட்டார். வித்யா அடித்துவிட்டு வலைக்கு ஓடிவந்தாள். அக்கா மேலே தூக்கிப் போட்டார். பந்து வெள்ளைக்குள் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. சமம். மறுபடி பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்று தெளிவாக இருந்தது, இரண்டு கொஞ்சம் ஆடியது. படிக்க முடிந்தது. ஆட்டம். மறுபடி ஒரு லாப். மறுபடி பாயிண்ட். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், கோப்பை.

கூட்டம் மதிலிலிருந்து குதித்துவிடும் போலக் கத்தியது. "போடுங்க்கா, இன்னொண்ணு போடுங்க!"

நான் வித்யாவைப் பார்த்தேன். அந்தப் பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றாள். பந்து எங்கே விழுந்தது என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. தலையில் விழுந்துவிடுமோ என்று மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இடது பக்கம் திரும்பினேன். ஏழு. வலது பக்கம் திரும்பினேன். மரம் இருந்தது. மரத்தில் தகடு இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பாருங்கள், இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி தடுமாறியது. இன்னும் ஒரே பாயிண்ட். ஒரு நிமிஷம்கூட ஆகாது. மங்கலாகத் தெரிந்தது என்று சொன்னால் என்னைக் கேள்வி கேட்கிறவன் யார்? மிஸ்ட் இரண்டு பேருக்கும்தான் பொது. அக்கா ஏமாற்றவில்லை, மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வித்தை அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். இத்தனையும் மனசில் ஓடிற்று. ஆனால் எண் இல்லை. இல்லாத எண்ணை எப்படிப் படிப்பது?

"ஆட்டம் நிறுத்தம்!" என்றேன். என் குரலைத்தான் சொன்னேனே, பஜாருக்கே கேட்டிருக்கும்.

அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள்! "டீச்சர், கோடு தெரியுதே!" "மிஸ்ட் நம்மூருதானுங்களே, அதுல ஆடத் தெரியாதவங்க எதுக்கு மலையேறி வர்றாங்க?" "மெட்ராஸ்காரங்களுக்கு நம்ம டீச்சரே வக்காலத்தா?" மலைக்காரர்கள் எல்லோருக்குமே இந்தப் புத்தி உண்டு, மூட்டத்தை வீட்டு நாய்மாதிரி நினைப்பார்கள், நம்மைக் கடிக்காது, வந்தவர்களைத்தான் கடிக்கும், அது நியாயம்தானே என்று.

அக்கா வலையோரமாக நடந்து வந்து என் நாற்காலிக்குக் கீழே நின்றார். முகமெல்லாம் நீர். வியர்வையா பனியா தெரியவில்லை. எப்போதும் கனகு என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"டீச்சர். நீங்களும் நிறுத்துறீங்களா?"

"பன்னெண்டு தெரியலீங்க்கா," என்றேன்.

காதர் சார் குடையோடு வந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தகட்டின் பக்கம் ஒரு முறை பார்த்தார். "பன்னெண்டா?"

"போயிருச்சுங்க சார்."

"சரி."

பின்னாலேயே கிளப் செயலாளர் ஓடி வந்தார். பரிசு கொடுக்கப் பெரிய அதிகாரி வந்து காத்திருக்கிறார், ஒரு பாயிண்டுதானே, முடித்துவிடுங்கள் என்றார். காதர் சார் அவரை நிதானமாகப் பார்த்தார். "நீங்க மிஸ்ட்டை நிறுத்துங்க. நான் ஆட்டத்தை நடத்துறேன்," என்றார். செயலாளர் அதிகாரியைச் சமாதானப்படுத்த ஓடினார்.

மிஸ்ட் விலகவில்லை. அதோடு வெளிச்சமும் போய்விட்டது. ஆட்டம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது. முட்டி சூடாக இருந்தவரைதான் அக்காவுக்கு ஆட்டம்; ஆறினால் வீங்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பழனிசாமி அண்ணன் போர்வையை அக்கா தோளில் போட்டுக் கூட்டிப்போனார். என் பக்கம் அவர்கள் திரும்பவில்லை.

நான் கிளப் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டீ வரும், வர்க்கி வரும் என்று காத்திருந்தேன். நான் செய்தது தப்பு என்று காதர் சார் நினைத்தால் அதுவும் நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது. அழுவதற்கு ஒரு சாக்காவது கிடைக்கும். காதர் சார் உள்ளேயிருந்து வந்தார். குடையை விரித்தார். என்னைக் கவனிக்காமல் பக்கத்தில் நடந்து போனார்.

மறுநாள் காலையில் வெயில் கண்ணைப் பறித்தது. இரண்டு தகடும் கண்ணாடி மாதிரி மின்னின. கூட்டம் அவ்வளவாக இல்லை. அக்கா முட்டியில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். படி இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து ஆட்டம், ஒரே பாயிண்ட். அக்கா சர்வீஸ் போட்டார். வித்யா அதை ஒரு மூலைக்கு அடித்தாள். அக்காவால் இரண்டு எட்டுக்கு மேல் போக முடியவில்லை. மறுபடி சமம். அடுத்த இரண்டு பாயிண்டும் அதேபோல, அந்தக் கேம் போனது. அடுத்ததும் போனது. கடைசி கேமில் அக்கா ஒரு லாப் போட்டார். அருமையான லாப், முந்தின நாள் போட்டதைவிட நல்லது. வித்யா அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் பந்து பளிச்சென்று இருந்தது. நின்ற இடத்திலிருந்து ஓங்கி அடித்தாள். கோப்பை அவளுடையது.

வலையருகில் வித்யா அக்காவின் காலைத் தொட்டுவிட்டாள். அக்கா அவளைத் தூக்கி முதுகில் தட்டினார். பிறகு வழக்கப்படி என்னிடம் கை கொடுக்க வந்தார். கையை இறுக்கிப் பிடித்தார்.

"அடுத்த வருஷம் அந்தத் தகட்டை நல்லாத் தொடச்சு வையுங்க, டீச்சர்."

கோபமா கிண்டலா என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனால் நிறுத்தியதற்காக அழவில்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, அதே நாற்காலியில் ஏற்றி அதே மிஸ்ட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் நிறுத்தத்தான் செய்வேன். அக்கா தோற்றதற்காக அழுதேன். அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கும்வரை அக்கா என்னோடு பேசவில்லை. மார்க்கெட்டில் கேரட் கடையில் எதிரெதிரே நின்றாலும் கேரட்டைத்தான் பார்ப்பார். ஒரு சாயங்காலம் பள்ளி மைதானத்துக்கு வந்தார். மர ராக்கெட் போய்ப் புது ராக்கெட் வந்திருந்தது.

"உம்மேல இருக்கற கோவம் இன்னும் போகல," என்றார். "ஆனா எதுக்க நின்னு ஆடறதுக்கு ஆள் வேணும். வேற எவளும் இந்த ஊர்ல ஒழுங்காப் பந்து போட மாட்டேங்குறா."

"கோவத்தை வெச்சுக்கிட்டே ஆடுங்க்கா. அப்பத்தான் பந்து நல்லா வருது," என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததைப் பார்த்துவிட்டேன்.

அடுத்த சீசனுக்கு முதல் நாள் நானே ஏணி வைத்து ஏறி இரண்டு தகட்டையும் துடைத்தேன். பன்னிரண்டுக்குப் புதிதாகப் பெயிண்டும் அடித்தேன். அந்த வருஷம் அக்கா அரையிறுதியோடு நின்றார். அதற்கடுத்த வருஷம் கோப்பையையே தூக்கினார். வேடிக்கை என்னவென்றால் அதை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் கோர்ட்டில் இரண்டு வக்கீல்கள் ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் வாதாடினார்கள். கைதட்டல் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காதர் சார் வயதாகி ஒதுங்கிக்கொண்டார். குடையை எனக்குத் தரவில்லை. ரெஃப்ரி வேலையை மட்டும் தந்தார். நான் ரெஃப்ரி மேஜையில் உட்கார்ந்த இரண்டாவது வருஷம், அக்கா முதல் சுற்றில் திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு ஆடினார். சுத்தமான வெயில். நேர் செட்டில் ஜெயித்தார். கடைசிப் பாயிண்ட் லாப்தான். எதிராளி பார்த்துக்கொண்டே இருந்தாள், எட்டவில்லை. அக்கா முகம் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

"கனகு, நான் இதோட நிறுத்திக்கிறேன்."

"ஏனுங்க்கா, முட்டியா?"

"முட்டி நல்லா இருக்குது."

"இப்பத்தானுங்களே ஜெயிச்சீங்க! நாளைக்கு ரெண்டாவது ரவுண்டு இருக்குது."

"ஆமா, ஜெயிச்சேன். இன்னும் நாலு ரவுண்டு ஆடுவேன்னுதான் தோணுது. அதனாலதான் இன்னிக்கே சொல்றேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு என்னோட ஆட வேண்டிய புள்ளைக்கு இப்பவே சொல்லிப்போடு. பாவம், ராத்திரி பூரா லாபை நெனச்சுப் பயந்துக்கிட்டுக் கெடக்கப் போகுது."

நான் மைக்கைக் கையில் எடுத்தேன். ஆடாமல் விலகினால் காரணம் சொல்வது வழக்கம்.

"என்னன்னு சொல்லட்டுங்க்கா?"

"உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிப்போடாத. அப்புறம் உன்னைச் சும்மா விட மாட்டேன்."

சொன்னேன். ஜெயமணி அம்மாள் நல்ல ஆரோக்கியத்தோடு, ஜெயித்த கையோடு, தன் விருப்பப்படி இன்றோடு போட்டி ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறார் என்று அறிவித்தேன். என் குரல் கொஞ்சம் உடைந்தது. மைக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பழனிசாமி அண்ணன் மரத்தடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போய் டம்ளரில் டீ ஊற்றி, தட்டில் இரண்டு வர்க்கி வைத்து எடுத்துக்கொண்டு வந்து அக்கா முன்னால் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. குடிங்க."

குடித்தார். வர்க்கியை ஒன்றும் விடாமல் சாப்பிட்டார். ராக்கெட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். பழனிசாமி அண்ணன் வழக்கம்போலப் பையை வாங்கக் கை நீட்டினார். "இருக்கட்டுங்க," என்று சொல்லிவிட்டு, அதைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு அக்கா படியேறினார்.

நான் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஏழு. அந்தப் பக்கம் பன்னிரண்டு.